ஆறு பென்னிக்கு விற்ற ரகசியம்

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குக் குழூஉக்குறி என்ற சொல் நினைவிருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். நன்னூல் வகுப்பில் இந்த மூன்று உதாரணங்களையும் சொன்னவுடன் மாணவர்களுடைய முகத்தில் ஒரு மலர்ச்சி உண்டாவதை ஆண்டுதோறும் நான் கண்டு வருகிறேன். புணர்ச்சி விதிகளுக்குத் தூங்கி வழிகிற பையன்கூட அப்பொழுது நிமிர்ந்து உட்காருகிறான். காரணம் எளியது. மறைத்து வைக்கப்பட்ட சொல் என்றால் மனிதனுக்கு அதன்மேல் ஓர் ஆசை. அதிலும் கள்ளுக்குச் சொல்விளம்பி என்று பெயர் வைத்தவன் நல்ல ரஸிகன் அல்லவா? உள்ளே போனவுடன் உள்ளத்தில் கிடக்கும் சொல்லையெல்லாம் விளம்பச் செய்துவிடுகிற வஸ்து அது!

ஆனால் குழூஉக்குறியில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. 'பறி' என்பதற்குப் பொன் என்று பொருள் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. உலகத்தில் இன்னொரு வகை ரகசியச் சொல் உண்டு. அது எந்தப் பொருளையும் குறிப்பதற்காக ஏற்பட்டதன்று. அதைச் சொல்லத் தெரிந்தவன் நம்மவன். சொல்லத் தெரியாதவன் அந்நியன். கதவைத் திறப்பதும் அடைப்பதுமே அதன் முழு வேலை.

இதற்கு மிகப் பழைய உதாரணம் கிறிஸ்தவ வேதாகமத்தில் நியாயாதிபதிகள் புஸ்தகத்தில் இருக்கிறது. கீலேயாத்தியர் யுத்தத்தில் வென்று யோர்தான் நதியின் துறைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றைக் கடக்க வந்தவனையெல்லாம் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். தோற்ற எப்பிராயீம் கோத்திரத்தாருக்கு 'ஷி' என்ற ஒலி வராது. 'சிபோலேத்' என்றவன் அங்கேயே வெட்டுண்டான். அவ்விதம் மாண்டவர்கள் 42,000 பேர் என்று அந்நூல் கணக்குச் சொல்கிறது. ஓர் எழுத்தின் உச்சரிப்பில் உயிர் போகலாம் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டியதில்லை.

ஷிபோலேத் என்ற அந்தச் சொல்லையே தன் சடங்குகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட ஒரு பிரசித்தமான ஸ்தாபனத்தைப் பற்றி இந்த வாரம் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அதுதான் பிரீமேஸன் சங்கம். சென்னை எழும்பூரில் அவர்களுக்கு ஒரு மண்டபம் உண்டு. கவராயமும் மூலைமட்டமும் அவர்களுடைய சின்னம். அவர்களுடைய கிளைச் சபைக்கு 'லாட்ஜ்' என்று பெயர். பெட்டி படுக்கையுடன் போய் அறை கேட்கிற லாட்ஜ் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மாதாகோயில் கட்டுகிற இடத்தில் கல்தச்சர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிக் கல் செதுக்குவதற்காகப் போட்டுக்கொண்ட கொட்டகைக்கே முதலில் அந்தப் பெயர் இருந்தது. கொட்டகை போய்ச் சபை ஆயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இச்சங்கத்தின் ரகசியச் சொல்லுக்கு நல்ல ஆதாரங்கள் ஸ்காட்லாந்து தேசத்தில் கிடைக்கின்றன. ஆறாம் ஜேம்ஸ் அரசரிடம் கட்டட வேலைகளின் தலைவராக இருந்த வில்லியம் ஷா என்பவர் 1598-லும் 1599-லும் கல்தச்சர்களுக்கு இரண்டு சட்டத்தொகுதிகள் வகுத்தார். பயிற்சிக்கு வருகிறவன் 7 வருஷமாவது கட்டுப்பட்டு வேலை செய்ய வேண்டும். அதன் பிறகும் இன்னொரு 7 வருஷம் சென்றாலன்றி முழுத் தொழிலாளியாகக் கூடாது. ஒரு மேஸ்திரி தம் ஆயுளில் மூன்று பேருக்கு மேல் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்றெல்லாம் அவற்றில் விதித்திருக்கிறது. தொழிலாளிகளின் ஞாபக சக்தியைப் பரீக்ஷித்துப் பார்க்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு ஷா என்பவரிடம் ஒரு தனிப் பிரியம் ஏற்பட இந்த ஒரு விதியே போதும்.

பதினான்கு வருஷம் உழைத்துத் தேர்ந்த கல்தச்சன் வேலை தேடி வேற்றூருக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும் என்று நிச்சயம் இல்லை. அவன் கையில் சர்டிபிகேட் இல்லை. அந்த ஊர்க் கொட்டகையில் உள்ளவர்களுக்கு அவன் யார் என்று தெரியாது. முறைப்படி கற்றவன் எவன், அரைகுறையாகக் கற்றுக்கொண்டு கூலியைக் கெடுக்க வந்தவன் எவன் என்று எப்படிக் கண்டுகொள்வது? அதற்குத்தான் 'மேஸன் சொல்' என்ற ஏற்பாடு. சொல்லையும் அதனோடு சேர்ந்த சைகையையும் அறிந்தவனுக்கு வேலை உண்டு. அறியாதவனுக்குக் 'கோவன்' என்று பெயர். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிச் சுவர் வைக்கிறவன் என்பது அதன் பொருள். சொல் இல்லாதவனே கோவன். அவனை ஒரு மேஸனும் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்வின்னிங் என்ற ஊர் லாட்ஜார் தம் குறிப்பேட்டில் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே அந்தச் சொல் முதலில் மந்திரமாகத் தோன்றியதன்று. ஏழைத் தொழிலாளியின் சோற்றுக்குக் காவலாகத் தோன்றியது. இதை மறந்துவிட்டுப் பேசுவதனால்தான் பிற்காலத்தில் இவ்வளவு கட்டுக்கதைகள் முளைத்தன.

சொல்லை வழங்கும் முறையோ வெகு வேடிக்கையானது. 1696-ஆம் வருஷத்துக் கையெழுத்துப் பிரதி ஒன்று எடின்பரோ நகரத்து ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டது. புதியவனை முழந்தாளிட வைத்துப் பலவிதமாகப் பயமுறுத்திச் சத்தியம் வாங்குவார்கள். பிறகு எல்லாரிலும் இளையவன் அவனை வெளியே அழைத்துக்கொண்டு போய், எப்படி நிற்பது, எப்படி வணங்குவது, என்ன சைகை காட்டுவது என்று கற்பித்துத் திரும்ப அழைத்து வருவான். அதன் பின் கூடியிருப்பவர்கள் இளையவனிலிருந்து தொடங்கி ஒருவர் காதில் ஒருவர் அந்தச் சொல்லை மெல்ல ஓதுவார்கள். காது மாறிக் காது மாறிச் சொல் தலைவரிடம் போய்ச் சேரும். அவர்தாம் அதைப் புதியவனுக்கு அருளுவார். குருமுகமாக உபதேசம் பெறுவதன் அருமையை அறிந்த நம்மவர்களுக்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். சொல் ஒருவருடைய சொத்து அன்று. அங்கே உள்ள அத்தனை பேருடைய மூச்சும் பட்டே அது புதியவனை அடைகிறது.

சொல்லுக்கு ஒரு மகிமை வேண்டுமானால் அதற்கு ஒரு கதை வேண்டும். கல்தச்சர்கள் கதைக்குப் பஞ்சம் வைக்கவில்லை. இங்கிலாந்தில் சுமார் 600 வருஷங்களுக்கு முன் எழுதப்பட்ட 794 அடிகள் கொண்ட செய்யுள் நூல் ஒன்று இருக்கிறது. எகிப்து தேசத்துப் பிரபுக்களுக்குப் பிள்ளைகள் மிகுந்து, வருமானம் குறைந்து, பிள்ளைகளுக்கு ஒரு கௌரவமான ஜீவனோபாயம் வேண்டுமே என்று அவர்கள் கவலைப்பட்டார்களாம். அப்பொழுது யூக்ளிட் என்ற மகா பண்டிதர் அப்பிள்ளைகளுக்கு க்ஷேத்திர கணிதம் கற்பித்து, அதன் மூலமாகக் கட்டடத் தொழிலை ஏற்படுத்திக் கொடுத்தார் என்று அந்நூல் சொல்கிறது. பிள்ளைகளின் உத்தியோகத்தைப் பற்றிய கவலை எவ்வளவு புராதனமானது என்பதைக் கண்டு நம் வீட்டுப் பெற்றோர்கள் ஆறுதல் அடையலாம். பின்னர் வந்த பழைய ஏடுகள், யூக்ளிட் ஆபிரகாமிடம் பாடம் கேட்டவர் என்று இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. இருவருக்கும் நடுவே ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷங்கள் கிடப்பதைக் கதை சொன்னவர்கள் பொருட்படுத்தவில்லை.

மற்றொரு கதை ஜலப்பிரளயத்துக்கு முற்பட்டது. உலகம் நெருப்பாலோ நீராலோ அழியப் போகிறது என்று அறிந்த லாமேக்கின் மக்கள், தாங்கள் கண்ட கலைகளையெல்லாம் இரண்டு தூண்களில் பொறித்து வைத்தார்கள். ஒரு தூண் நெருப்பில் வேகாதது; மற்றொன்று நீரில் அமிழாதது. பிரளயம் வடிந்த பின் ஒன்றைப் பிதாகோரஸும் மற்றொன்றை ஹெர்மெஸும் கண்டெடுத்தார்கள் என்பது கதை. ஆற்று வெள்ளத்தில் ஏடுகள் எதிரேறிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் தோன்றாது. அழிவுக்குப் பிறகும் கல்வி தப்பிப் பிழைக்க வேண்டும் என்ற ஆசை எல்லாத் தேசங்களிலும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய கதை ஹிராம் என்ற சிற்பியின் கதை. எருசலேமில் சாலொமோன் அரசர் கட்டிய ஆலயத்துக்கு வெண்கல வேலை செய்ய, தீரு நகரத்திலிருந்து ஹிராம் என்ற கைதேர்ந்த கம்மியர் வந்தார் என்று வேதாகமம் சொல்கிறது. அவர் ஒரு விதவையின் மகன். 18 முழ உயரமுள்ள இரண்டு தூண்களை வார்த்து, ஆலய வாசலில் நிறுத்தி, ஒன்றுக்கு யாகீன் என்றும் ஒன்றுக்குப் போவாஸ் என்றும் பெயரிட்டார். இவ்வளவுதான் வேதாகமத்தில் உள்ளது. வேலையை முடித்தார் என்று கண்டிருக்கிறதே தவிர, யாரும் அவரைக் கொல்லவில்லை.

பிரீமேஸன்கள் சொல்லும் கதையிலோ அவர் கொல்லப்படுகிறார். தலைவர்களுக்கே உரிய மேலான சொல் ஒன்று உண்டு. அதை அறிந்தவர்கள் சாலொமோன், தீரு நகரத்து அரசர், சிற்பி ஹிராம் ஆகிய மூவர். மூவரும் கூடியிருந்தாலன்றி அதை வெளியிடுவதில்லை என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. மேலான கூலிக்கு ஆசைப்பட்ட மூன்று தொழிலாளிகள், நடுப்பகலில் ஹிராம் தனியே இருக்கும்போது ஆலயத்தின் மூன்று வாசல்களிலும் மறைந்து நின்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருவன் சொல்லைக் கேட்டான், அவர் மறுத்தார், அவன் தன் கருவியால் அடித்தான். மூன்றாவது வாசலில் அவர் மாண்டு விழுந்தார். உடலை இரவில் புதைத்து, அடையாளமாக ஒரு மரக்கிளையை நட்டு வைத்தார்கள். தேடிச் சென்றவர்கள் உடலைக் கண்டெடுத்தார்கள், சொல் கிடைக்கவில்லை. மூவரில் ஒருவர் போனபின் அது கெட்டுப்போன சொல்தானே? ஆகவே, உடலை எடுக்கும்போது தேடினவர் வாயிலிருந்து முதலில் எந்தச் சொல் வந்ததோ, அதையே பதிலாக வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையின் நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தங்களிடம் இருப்பது மூலச் சொல் அல்ல, இழந்துபோன சொல்லுக்குப் பிரதிநிதி என்று அச்சங்கத்தாரே சொல்லிக்கொள்கிறார்கள். ரகசியம் காக்கிற மற்றச் சங்கங்கள், 'எங்களிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது' என்று பெருமை பேசும். இவர்களோ, 'எங்கள் பொக்கிஷம் தொலைந்துவிட்டது. வெறும் பெட்டியைக் காத்துக்கொண்டிருக்கிறோம்' என்று கதை கட்டியிருக்கிறார்கள். விவேகமுள்ள ஒருவர் கட்டிய கதை என்றே சொல்ல வேண்டும்.

இதற்குள் சங்கத்தின் தன்மையும் மாறிவிட்டது. உளியையே தொட்டறியாத கனவான்கள் லாட்ஜுகளில் நிறைந்தார்கள். லண்டனில் 1717-ல் மகா சபை ஏற்பட்டது என்று சங்கத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். 1721-ல்தான் ஏற்பட்டது என்று வாதிக்கும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. 1723-ல் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்ற பாதிரியார் எழுதிய விதிப் புஸ்தகம் அச்சாயிற்று. எல்லா மனிதர்களும் ஒப்புக்கொள்ளும் மதம் எதுவோ அதுவே இங்கே போதும், மற்ற அபிப்பிராயங்கள் அவரவருடையவை என்று அதன் முதல் விதி கூறிற்று. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1730-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு விபரீதம் நேர்ந்தது. தாம் முன்பு ஒரு லாட்ஜில் அங்கத்தினராக இருந்ததாகச் சொல்லிக்கொண்ட ஸாமுவேல் பிரிச்சர்டு என்பவர், சங்கத்தின் சடங்குகள், கேள்வி பதில்கள், சொற்கள் எல்லாவற்றையும் அச்சிட்டு வெளியிட்டுவிட்டார். ஹிராம் கொலையுண்ட கதை முதன்முதலாக அச்சில் ஏறியது அந்தச் சிறு புஸ்தகத்தில்தான். விலை ஆறு பென்னி. வெளியான வேகத்திலேயே அடுத்தடுத்து மூன்று பதிப்புகள் போட வேண்டியதாயிற்று. ஹிராம் உயிரைக் கொடுத்துக் காத்த சொல்லின் கௌரவம் ஆறு பென்னிக்குத் தெருவில் விலைபோயிற்று!

சங்கத்தார் திடுக்கிட்டார்கள். புஸ்தகத்தைப் படித்துவிட்டு வரும் போலிகளைத் தடுப்பதற்காக, முதற் படியில் வழங்கும் சொல்லையும் இரண்டாம் படியில் வழங்கும் சொல்லையும் இடம் மாற்றினார்கள். இதனால் போலிகள் எத்தனை பேர் ஏமாந்தார்களோ, உண்மையான சகோதரர்களுக்குள் பெரும் கலகம் மூண்டது. 'புராதனச் சொல்லைப் புரட்டிவிட்டார்கள்' என்பது முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்றாகி, 1751-ல் லண்டனிலேயே எதிர்ச் சபை ஒன்று எழுந்தது. அதில் அயர்லாந்துக்காரர்கள் மிகுதி. தாங்களே 'புராதனர்' என்றும், மூத்த சபையார் 'நவீனர்' என்றும் அவர்கள் பெயர் சூட்டினார்கள். முன்னால் வந்த மூத்தவர்கள் நவீனராகவும், பின்னால் வந்தவர்கள் புராதனராகவும் ஆன விந்தை அது. 1813-ல்தான் இரு சபைகளும் ஒன்றாயின. திருடனுக்குப் பயந்து பூட்டை மாற்றினால், வீட்டுக்காரர்களே 62 வருஷம் வெளியே நிற்கும்படி நேர்ந்துவிடும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஆனால் முக்கியமான கேள்வி இனிமேல்தான். ரகசியம் தெருவுக்கு வந்தபின் சங்கம் அழிந்துவிட வேண்டியதுதானே? அழியவில்லை, முன்னிலும் விரைவாகப் பரவிற்று. ஏன்? நம் கல்யாண மந்திரங்கள் எல்லாம் அச்சுப் புஸ்தகங்களில் கிடைக்கின்றன. அந்தப் புஸ்தகத்தை வாங்கிப் படித்துவிட்ட பிரம்மசாரி எவனாவது கணவன் ஆனதுண்டோ? சபை கூட வேண்டும். பெரியோர் ஆசீர்வதிக்க வேண்டும். ஒரு பெண் கழுத்தை நீட்ட வேண்டும். மந்திரம் அந்தக் காரியத்துக்குச் சாட்சியே தவிரக் காரியம் ஆகாது. மேஸன் சொல்லும் அப்படியே. ஆறு பென்னி கொடுத்து வாங்கியவனுக்குச் சொல் தெரியும். ஆனால் அதை அவனுக்குக் கொடுத்தவர் யாரும் இல்லை. ரகசியத்தின் ரகசியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மறைவான சொல்லின் மதிப்பு அந்தச் சொல்லில் இல்லை. அதைக் கொடுக்கிறவனும் பெறுகிறவனும் அதன் பிறகு ஒருவருக்கொருவர் என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இதை உணராமல் சொல்லையே தெய்வமாக்கினால் என்ன ஆகும் என்பதை 1826-ஆம் வருஷம் அமெரிக்காவில் கண்டார்கள். நியூயார்க் ராஜ்யத்தில் வில்லியம் மார்கன் என்பவர் சங்கத்தின் ரகசியங்களை வெளியிடப் போவதாகக் கிளம்பினார். பிரிச்சர்டு வெளியிட்டு ஏறக்குறைய நூறு வருஷம் சென்ற பின், இதில் புதிதாக வெளியிட என்ன இருந்தது? இருந்தும் சிலருக்கு வெறி பிடித்தது. அற்பக் கடனுக்காக அவரைக் கைதுசெய்தார்கள். சிறையிலிருந்து வெளியே வந்தவரைச் செப்டம்பர் மாதத்து இரவு ஒன்றில் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நயாகரா கோட்டைக்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று நிச்சயமாகத் தெரியவில்லை. கடத்தியவர்களில் சிலருக்குக் கிடைத்த தண்டனையோ சொற்பம். ஜனங்களுக்கு வந்த கோபத்தில் சங்க விரோதக் கட்சி என்றே ஓர் அரசியல் கட்சி தோன்றி, 1832-ல் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்று வெர்மான்ட் ராஜ்யத்தில் வெற்றியும் பெற்றது. மார்கனின் புஸ்தகமோ தடையின்றி வெளிவந்தது. சொல்லைக் காப்பதாக எண்ணி ஒரு மனிதனைத் தொலைத்தார்கள், சொல்லும் நிற்கவில்லை. சத்தியத்தை மீறினால் இன்ன கோரமான தண்டனை என்று பழைய பிரமாணத்தில் இருந்த வாசகங்களை, இங்கிலாந்து மகா சபையார் 1986-ல்தான் பிரமாணத்திலிருந்து நீக்கினார்கள்.

இனி, சொல் தன் கடமையைச் செய்த சரித்திரம் ஒன்றையும் கேளுங்கள். பாஸ்டன் நகரத்தில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பு இனத்தவர் இருந்தார். தோல் வேலை செய்பவர். அடிமைத்தனத்தை ஒழிக்க வேண்டுமென்று 1777-லேயே மாஸசூஸெட்ஸ் சட்டசபைக்கு விண்ணப்பம் செய்தவர்களில் அவரும் ஒருவர். அவரையும் வேறு 14 கறுப்பு இனத்தவரையும், அந்நகரில் தங்கியிருந்த பட்டாளத்து லாட்ஜ் ஒன்று சேர்த்துக்கொண்டது. ஆனால் அமெரிக்க வெள்ளையர் லாட்ஜுகள் அவர்களைச் சகோதரர்களாக ஏற்கவில்லை. சுதந்திரப் போர் நடத்தி வென்ற ஜனங்களிடம் கிடைக்காத அங்கீகாரத்தை, அவர்கள் லண்டனுக்கு எழுதி 1784-ல் பட்டயமாகப் பெற்றார்கள்.

1788 பிப்ரவரியில், அடிமைகள் அல்லாத மூன்று கறுப்பு இனத்தவரைப் பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு கப்பல் தலைவன் வஞ்சித்து ஏற்றிக்கொண்டு, மேற்கிந்தியத் தீவு ஒன்றில் விற்பதற்குக் கொண்டுபோய்விட்டான். பிரின்ஸ் ஹாலும் அவருடைய லாட்ஜாரும் சட்டசபைக்கு முறையிட்டார்கள். அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் அடுத்த மாதமே பிறந்தது. தீவில் நடந்ததைப் பாஸ்டன் பாதிரியாரும் சரித்திர ஆசிரியருமான ஜெரிமி பெல்க்னாப் எழுதி வைத்திருக்கிறார். விற்பனைக்கு நிறுத்தப்பட்ட மூவரில் ஒருவர் பிரீமேஸன். அவரை விலைக்கு வாங்கும்படி காட்டப்பட்ட வியாபாரியும் பிரீமேஸன். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். கறுப்புச் சகோதரர் தம் கதையைச் சொன்னார். விஷயம் தீவின் கவர்னர் முன்னிலைக்குப் போயிற்று. மூவரும் தப்பி, சில மாதங்களில் வீடு வந்து சேர்ந்தார்கள். சந்தையில் நிறுத்தி விலை பேசப்பட்ட மனிதனை, மனிதன் என்று மற்றொருவன் கண்டுகொள்ள அந்தச் சொல் உதவிற்று. இத்தனை நூற்றாண்டுகளில் அது செய்த வேலைகளுள் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அதே சொல் பாஸ்டன் வெள்ளையர் லாட்ஜ் வாசலில் ஊமையாகிவிட்டது. பிரின்ஸ் ஹாலின் வழிவந்த மாஸசூஸெட்ஸ் சபையை இங்கிலாந்து மகா சபை முறைப்படி அங்கீகரித்தது 1994-ல்!

நம் தேசத்திலும் அந்தக் கதவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் மூத்த குமாரர் உம்தத்-உல்-உமரா 1770-களில் நம் திருச்சிராப்பள்ளியில் பிரீமேஸனாகச் சேர்க்கப்பட்டார். லண்டன் மகா சபை அவருக்குத் தோலாடையும் விதிப் புஸ்தகமும் அனுப்பிக் கொண்டாடிற்று. அவர் பின்னர் நவாபாகி, 1801 ஜூலையில் இறந்தார். இறந்த சூட்டோடு சூடாகக் கும்பெனியார் கர்நாடக ராஜ்யத்தின் ஆட்சியைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். சகோதர உறவு லாட்ஜ் வாசற்படியோடு நின்றுவிட்டது போலும்.

அரச குமாரனுக்குத் திறந்த கதவு சாதாரண இந்தியனுக்குத் திறந்ததா? கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தர் என்பவர் 1863-ல் தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குகிறவர்கள், ஜாதி பேதம் உள்ளவர்கள், சகோதரத்துவத்துக்கு ஏற்றவர்களா என்று வெள்ளைக்காரச் சகோதரர்கள் வாதாடினார்கள். எல்லா மனிதரும் ஒப்பும் மதம் போதும் என்ற 1723-ஆம் வருஷத்து விதி எங்கே போயிற்று? தத்தர் சளைக்கவில்லை, அந்த விதியையும் லண்டன் மகா சபையையும் நம்பிக் காகிதப் போர் நடத்தினார். 1872-ல் அவர் உள்ளே நுழைந்தார். ஒன்பது வருஷம்! ஷா வகுத்த முதற் பயிற்சிக் காலத்தைவிட இரண்டு வருஷம் அதிகம். அவர் திறந்த வழியில் பின்னர் எத்தனையோ பேர் சென்றார்கள். விவேகானந்தராகப் பின்னர் உலகம் அறிந்த நரேந்திரநாத தத்தரும் 1884-ல் கல்கத்தா லாட்ஜ் ஒன்றில் சேர்ந்தவர். 1961-ல் இந்தியாவுக்கென்றே தனி மகா சபையும் ஏற்பட்டது.

இதைப் படிக்கும் சகோதரிகள், 'எங்களுக்கு?' என்று கேட்கக்கூடும். இங்கிலாந்து மகா சபையின் லாட்ஜுகளில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆனால் பாரிஸ் நகரத்தில் 1893-ல் மரியா தெரேம் என்ற அம்மையார், ஆண் பெண் இருபாலாரும் சமமாக இருக்கும் தனிச் சபையைத் தோற்றுவித்தார். 1902-ல் அதில் சேர்ந்து இங்கிலாந்தில் பரப்பியவர், அடையாற்றின் மூலம் நமக்கு நன்கு அறிமுகமானவரும், 1917-ல் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவருமான அன்னி பெஸண்ட் அம்மையார்தாம். திறவாத கதவின் முன் காத்து நிற்பதைவிட வேறு வீடு கட்டிக்கொள்வது மேல் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். கட்டடத் தொழிலின் பெயரால் ஏற்பட்ட சங்கத்துக்கு அது பொருத்தமான தீர்மானமே.

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது ஹிராம் கதைக்கு ஒரு புதிய பொருள் தோன்றுகிறது. மேலான சொல் மூவர் கூடினால்தான் வரும். ஒருவரைக் கொன்றால் மற்ற இருவருக்கும் அது போய்விடும் என்பது கதை. ஒருவனை வெளியே தள்ளினாலும் அப்படித்தான் போய்விடும். பிரின்ஸ் ஹாலை வாசலில் நிறுத்தியவர்களும், தத்தரை ஒன்பது வருஷம் காக்க வைத்தவர்களும் மனப்பாடமாகச் சொல்லைச் சரியாகவே ஒப்பித்திருப்பார்கள். தீவுச் சந்தையில் அந்த வியாபாரி செய்த காரியந்தான் அவர்களுக்கு வரவில்லை.

பிறரைக் குறை சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக உறங்க முடியாது. இன்னாருக்கு உபதேசம் உண்டு, இன்னாருக்கு இல்லை என்று நம் தேசத்திலும் கதவுகள் இருந்திருக்கின்றன. கோவில் வாசலிலேயே இருந்தன. சொல்லின் பரிசுத்தத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு எத்தனை பேரைச் செவி பொத்த வைத்தோம் என்று கணக்கெடுத்தால், யோர்தான் துறையின் 42,000 சிறிய தொகையாகிவிடும். பிள்ளைகளுக்கு இந்தக் கதைகளைச் சொல்லும்போது ரகசியச் சொல் என்ன என்று அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். ஒளிக்க வேண்டியதில்லை, முந்நூறு வருஷமாக அது அச்சில் இருக்கிறது. அந்தக் கறுப்புச் சகோதரர் வீடு திரும்பிய கதையையும் அதனோடு சேர்த்துச் சொல்லுங்கள்.